கிடாவின் முதுகில் ஒட்டிய உப்பு

விலங்குகளெல்லாம் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில் வரையாடுகள் மலை உச்சியில் இல்லை. அடிவாரத்து ஓடைக்கரையில், புல்லுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தன. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடாதீர்கள். அவற்றுக்கு அது ஒரு கொள்கை.

ஒவ்வொரு ஆட்டின் நெஞ்சுக்குள்ளும் ஒரு பறை இருக்கிறது, ஏறினாலும் ஓடினாலும் அது வேகமாக அடிக்கும், ரொம்ப அடித்தால் தோல் கிழிந்துவிடும் என்று அவை உறுதியாக நம்பின. தண்ணீர் குடிக்கக்கூட நாளுக்கு ஒருமுறைதான் எழுந்திருக்கும். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்தும் ஐந்தாவது மழைக்காலத்தைப் பார்த்த கிடா அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூட இல்லை. யாராவது செத்தால், "பாவம், ரொம்ப நடந்துட்டான்" என்று மற்றவை பேசிக்கொள்ளும்.

அந்தக் கூட்டத்தில் மஞ்சி என்ற பெட்டையாட்டுக்கு மசக்கை வந்தது. புல் பிடிக்கவில்லை, ஓடைத் தண்ணீர் பிடிக்கவில்லை. நாக்கு உப்புக் கேட்டது. உப்பு இருந்ததோ மலையுச்சியில், வெள்ளை வெளேரென்று பொடி உதிரும் ஒரு பாறையில்.

"ஏறாத புள்ள. பறை கிழிஞ்சா வயித்துல இருக்கிறதும் சேந்து போயிடும்" என்றான் அவள் புருஷன் செங்கொம்பன்.

"நாக்கு எம்பேச்சைக் கேக்க மாட்டேங்குதுங்க" என்று சொல்லிவிட்டு மஞ்சி ஏறினாள்.

முதல் நாள் ஏழு இடத்தில் நின்றாள். நெஞ்சு அடித்த அடியில் காது அடைத்தது. செத்தேன் என்றே நினைத்தாள். ஆனால் உப்பு ருசியாக இருந்தது. மறுநாளும் போனாள். மாசம் ஏற ஏற மெதுவாகத்தான் ஏறினாள், ஆனாலும் நிற்கிற இடம் இரண்டாகக் குறைந்தது. கீழே வந்து படுத்தால் பறை முன்பைவிட நிதானமாக, குட்டியைத் தட்டித் தூங்கவைப்பதுபோல் அடித்தது.

செங்கொம்பனுக்கும் உப்பு ஆசை உண்டு. மஞ்சி புல்லைப் பாறையில் புரட்டி, வாயில் கவ்விக்கொண்டு வந்து தருவாள். படுத்த இடத்திலேயே மென்றுவிட்டு, "இன்னைக்குக் கொஞ்சம் உப்பு கம்மி" என்பான்.

குட்டி பிறந்தது. அதே வாரம் செங்கொம்பனின் அண்ணன் ஓடைக்குப் போன இடத்தில் விழுந்தவன் எழவே இல்லை. செங்கொம்பனுக்கு அது நாலாவது மழைக்காலம். தண்ணீர் குடித்துத் திரும்பியவன் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவதை மஞ்சி பார்த்தாள். குட்டி அவன் காதைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தது. அடுத்த மழைக்கு அது யார் காதைக் கடிக்கும் என்று நினைத்தாள்.

மறுநாள் உச்சியிலிருந்து வெறும் வாயோடு வந்தாள்.

"உப்பு எங்க?" என்றான் செங்கொம்பன்.

"பாறை அங்கேயேதான் இருக்கு. வேணும்னா வந்து நக்கிக்கோங்க."

மூன்று நாள் அவன் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தான். நாலாம் நாள் வீம்பு தோற்று நாக்கு ஜெயித்தது. எழுந்தான். பத்தடி ஏறியதும் படுத்துவிட்டான்.

"கிழியப் போகுது புள்ள. நிஜமாவே கிழியப் போகுது."

மஞ்சி அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். "கிழியலங்க. பழகாத பறை, முரண்டு பிடிக்குது. கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கிட்டு எழுந்திருங்க. வாய் பேச முடியுற அளவுக்கு மெதுவா ஏறினாப் போதும்."

"பேசணும்னா உன்னைத் திட்டிக்கிட்டேதான் வருவேன்."

"திட்டுங்க. யாரு வேணாம்னா?"

அன்று கால்வாசி தூரத்தில் திரும்பினார்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம். நாளாக ஆக அவன் திட்டு நீண்டுகொண்டே போனது. அவ்வளவு மூச்சு அவனுக்கு வந்துவிட்டது. பனிக்காலத்தில் ஒரு காலை, உச்சியைத் தொட்டான். வேர்த்து நனைந்த உடம்போடு உப்புப் பாறையில் மல்லாந்து விழுந்து, சந்தோஷம் தாங்காமல் புரண்டான். எழுந்தபோது முதுகில் வெள்ளையாக உப்பு ஒட்டியிருந்தது. மஞ்சி நக்கிப் பார்த்தாள், போகவில்லை.

ஐந்தாவது மழை வந்தது. செங்கொம்பன் உச்சியில் நின்று அதில் நனைந்தான். அந்த மழையிலும் முதுகு வெள்ளை போகவில்லை. அடிவாரத்து ஆடுகள் அண்ணாந்து பார்த்தன. ஆறாவது மழைக்கும் அவன் அங்கேயே நின்றதைக் கண்டு, ஒவ்வொன்றாக எழுந்து, முணுமுணுத்துக்கொண்டே ஏறத் தொடங்கின.

ஒன்பதாவது மழையில் பேரக்குட்டி ஒன்று செங்கொம்பனின் காதைக் கடித்துக்கொண்டிருந்தது.

"பறை எப்படிங்க இருக்கு?" என்றாள் மஞ்சி.

"நீயே கேளு."

அவள் காதை வைத்தாள். அது அவசரமே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அன்று முதல்தான் வரையாடுகள் செங்குத்துப் பாறைகளில் குடியிருக்கின்றன. இளங்கிடாவின் முதுகில் அந்த வெள்ளையைத் தேடாதீர்கள், பல மழைக்காலம் ஏறி இறங்கிய கிடாவுக்குத்தான் அது வரும்.