பவளபுரி ராஜாவும் யானைப் பெட்டியும்

பவளபுரி ராஜா வீரகண்டருக்கு ஒரு குணம். புதிதாக எதைக் கண்டாலும் குழந்தை மாதிரிக் குதிப்பார். அவர் எதிரில் கடல் கடந்து வந்த வியாபாரி ஒருவன் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் சும்மா இருப்பாரா?

பெட்டியில் ஒரு துளை. பக்கத்தில் ஒரு கைப்பிடி. முகத்தில் மூன்று சக்கரம். துளையில் காசைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் சக்கரங்கள் கடகடவென்று சுற்றும். மூன்றிலும் யானைப் படம் வந்து நின்றால் பெட்டி காசைக் கொட்டும். வேறு எது வந்தாலும் போட்ட காசு போனதுதான்.

அதை ராஜா விலைக்கு வாங்க, அரண்மனைச் சூதுக்கூடத்தின் மூலையில் வைத்துப் பார்த்தார்கள். அம்மாடியோவ்! தாயம் உருட்டும் மேடைகள் எல்லாம் சேர்ந்து தந்ததைவிட அந்த ஒற்றைப் பெட்டி அதிகம் தந்தது. கருவூல மந்திரி மாதவராயருக்குத் தலைகால் புரியவில்லை.

"மகாராஜா! தாய மேடைக்குக் கட்டை உருட்ட ஓர் ஆள். அந்த ஆள் ஏமாற்றாமல் பார்க்க இன்னோர் ஆள். சம்பளம், சாப்பாடு, வெற்றிலை பாக்கு! ஓர் ஆட்டம் முடிவதற்குள் பொழுதே சாய்ந்துவிடும். கெட்டிக்காரன் எவனாவது வந்தால் நம்மையே ஜெயித்துவிட்டுப் போவான். பெட்டிக்கு என்ன செலவு? சொட்டு எண்ணெய்! அதனிடம் எவன் கெட்டிக்காரத்தனமும் செல்லாது. ஆடத் தெரியாதவன்கூட ஆடலாம். மேடைகளைப் பிடுங்கிவிட்டுத் தெருவுக்கு ஒரு பெட்டி வைப்போம்!"

"பேஷ்! நாளைக்கே வையும்!" என்றார் ராஜா.

சேதி கேட்டு, கட்டை உருட்டுகிற செம்பாயி அரண்மனை விகடகவி சடையன் வீட்டுக்குத் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"சடையண்ணே! என் பிழைப்புல மண்ணு விழுந்தது கிடக்கட்டும். எங்க வீட்டு ஆளு கூலி மொத்தத்தையும் அந்தப் பெட்டிகிட்ட விட்டுட்டு வந்து நிக்கிறாரு. தெருவுக்கு ஒண்ணு வெச்சா ஊரே நடுத்தெருவுக்கு வந்துரும்ணே!"

சடையன் நேரே சபைக்குப் போனான்.

"மகாராஜா, அந்தப் பெட்டி வேண்டாம். அதில் லாபமே இல்லை."

மாதவராயர் விழுந்து விழுந்து சிரித்தார். ராஜாவுக்கோ கோபம். "கொட்டுகிற பெட்டியில் லாபம் இல்லையா? பொழுது சாய்வதற்குள் அதை எனக்குக் காட்டு. காட்டாவிட்டால் தெருத்தெருவாகப் பெட்டிகளுக்கு எண்ணெய் போடுவதுதான் ஆயுசுக்கும் உன் வேலை!"

"உத்தரவு. ஆனால் தாங்கள் இன்னும் ஆடியே பார்க்கவில்லையே? பெட்டியைத் தங்கள் அறைக்கு அனுப்புகிறேன். யார் கண்ணிலும் படாமல் ஆடலாம்."

பெட்டி அறைக்கு வந்ததும் ராஜா ஒரு காசைப் போட்டு இழுத்தார். யானை. யானை. நரி!

"அடடா! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே!"

இன்னொரு காசு. யானை, யானை, காக்கை. இன்னொன்று. ஒரு தடவை மூன்று யானையும் வந்து காசு கலகலவென்று கொட்டியது. ராஜா மீசையை முறுக்கிக்கொண்டார். கொட்டிய காசெல்லாம் வந்த வழியே திரும்பிப் பெட்டிக்குள் போனது.

சாப்பாடு ஆறுகிறது என்று ராணி சொல்லி அனுப்பினாள். "இதோ வருகிறேன்." பக்கத்து நாட்டுத் தூதர் வந்து நின்றார். "உட்காரச் சொல்." கருவூலத்திலிருந்து பை பையாகச் சுமந்து மாதவராயருக்கு மூச்சு வாங்கியது.

"மகாராஜா, இது படைவீரர் சம்பளம்..."

"கொண்டாரும் ஐயா! விட்டதைப் பிடிக்க வேண்டாமா?"

வாசலில் நின்ற சடையனின் கையைப் பிடித்துக்கொண்டார் மந்திரி. "நீயாவது நிறுத்தச் சொல்லப்பா!"

"தாய மேடையில் எவனாவது கடைசிக் காசை வைத்தால் செம்பாயி அதைத் தள்ளிவிடுவாள். 'இது அடுப்புக்காசு, எழுந்து வீட்டுக்குப் போ' என்பாள். நம் கூடத்து வழக்கம் அது. பெட்டிக்கு ஏது வாய், மந்திரியாரே?"

உள்ளே கடைசிக் காசும் போனது. யானை, யானை, குரங்கு. ராஜா பெட்டியை ஓங்கி ஓர் உதை விட்டார். கால் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

சடையன் பூமாலையோடு நுழைந்தான். "வாழ்க மகாராஜா! இன்றைக்குப் போல வருமானம் என்றைக்கும் வந்ததில்லை!"

"வருமானமா? அடேய், அத்தனையும் என் காசடா!"

"பெட்டி யாருடையது?"

"என்னுடையது."

"அப்படியானால் ஜெயித்தவரும் தாங்கள்தானே? பிறகேன் வருத்தம்?"

ராஜா விழித்தார். "அது சரி... ஆனால் வயிறு எரிகிறதே!"

"ஊரும் தங்களுடையது, மகாராஜா. அடுப்பு எரிகிற வீடுதான் தங்களுக்கு வரி கட்டும். அவர்கள் காசைப் பெட்டியில் வாங்கினால், தங்கள் இடது மடியிலிருந்து எடுத்து வலது மடியில் போட்ட கதைதான். நடுவில் ஊர் வயிறு எரிவதுதான் கண்ட லாபம்."

ராஜா பெட்டியைத் திறக்கச் சொன்னார். படைவீரர் சம்பளம் கருவூலத்துக்குப் போனது. செம்பாயி வீட்டுக் கூலி அவள் கைக்கே வந்தது. மேடைகளைத் தொடக்கூடாது என்று உத்தரவு பிறந்தது. பெட்டியைப் பிளக்கத் தச்சன் வந்து கோடரியை ஓங்கினான்.

"இரு, இரு!" என்று கத்தினார் ராஜா. சுற்றுமுற்றும் பார்த்தார். சடையன் காதருகே குனிந்தார்.

"உடைப்பதற்கு முன்னால்... ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்க்கட்டுமா?"

சடையன் கைகூப்பினான். "மகாராஜா, சக்கரத்தில் ஒன்றுமில்லை, யானையிலும் ஒன்றுமில்லை. அந்த 'ஒரே ஒரு தடவை'யில்தான் அத்தனை வருமானமும் இருக்கிறது!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சடையனுக்குப் போட்டுவிட்டுக் கோடரியைத் தானே வாங்கிக்கொண்டார்.