சொல்லாதவர்கள் கணக்கு

மென்பொருள் பொறியியலின் முதல் வகுப்பில் பேராசிரியை வகிதா அதிகம் பேசவில்லை.

"இந்தப் பாடத்துல எதையும் நம்பாதீங்க. ஓடுதேன்னு நம்பாதீங்க. போன வாரம் சரியா இருந்துச்சேன்னு நம்பாதீங்க. சோதிச்சுப் பார்த்துட்டு அப்புறம் பேசுங்க."

மற்ற மாணவர்கள் இதைக் குறித்துக்கொண்டார்கள். இருதயராஜுக்கு மட்டும் சொந்த வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது. அவர் காவல்துறையில் உதவி ஆய்வாளர். சைபர் பிரிவுக்கு மாறும் ஆசையில் படிப்பு விடுப்பு எடுத்து, நாற்பதைத் தாண்டிய வயதில் அந்தப் பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ. சேர்ந்திருந்தார். வகிதாவைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இருந்தாலும் வகிதா வகுப்புக்குள் வரும்போது முதலில் எழுந்து நிற்பது அவர்தான். குதிகால்களைச் சேர்த்து அடிக்கும் சத்தம்கூடக் கேட்கும்.

சந்தேகப்படுவது அவருக்கு வேலை மட்டுமல்ல, சுபாவமும் அதுதான். கேன்டீனில் டீ வந்தால் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். யாராவது காரணமில்லாமல் சிரித்தால் அன்று முழுக்க அந்த ஆள்மேல் ஒரு கண் இருக்கும். எதை நம்புவார் என்று கேட்டால் சொல்வது கடினம். தன்னை நம்புவார், அது உறுதி.

அந்தப் பருவத்தில் ஒவ்வொரு குழுவும் நிஜமாகப் பயன்படும் ஒரு செயலியை உருவாக்க வேண்டும். இருதயராஜின் குழுவில் நான்கு பேர். இரண்டு பையன்கள், அரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பூங்கொடி, அப்புறம் அவர். வயதைப் பார்த்து அவரைத் தலைவர் ஆக்கினார்கள். அவரும் காவல் நிலையத்தைப் போலவே குழுவை நடத்தினார். கூட்டம் தொடங்கும் முன் பெயர் கூப்பிடுவார். பையன்கள் குறும்பாக "உள்ளேன் ஐயா" என்பார்கள். பூங்கொடிக்குக் கூச்சம், கையை மட்டும் தூக்குவாள். அது செல்லாது. குரல் வரவில்லை என்றால் ஆள் வரவில்லை, அவ்வளவுதான். எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் அன்று அவளுக்கு ஆப்சென்ட்.

அவர்கள் எடுத்துக்கொண்டது விடுதிச் சாப்பாட்டுக் கணக்கு. விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட வராதவர்கள்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாதவர்களுக்குச் சேர்த்துத்தான் உலை வைப்பார்கள். இதுவரை நோட்டுப் போட்டு நடந்ததை இனிமேல் கைப்பேசியில் நடத்துவது என்று ஏற்பாடு. வருவதையும் வராததையும் அதில் பதியலாம். செயலி எண்ணிக்கையைச் சொல்லும், சமையல் மாஸ்டர் அதற்கேற்பச் சமைப்பார்.

வெள்ளோட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பிரியாணி நாள்.

காலையில் செயலி காட்டிய எண்ணிக்கையைப் பார்த்து மாஸ்டருக்குக் கை ஓடவில்லை. இவ்வளவுதானா என்று இரண்டு தடவை கேட்டார். பொங்கல் விடுமுறை நெருங்குகிறது, பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள், கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்லாது என்று இருதயராஜ் அடித்துச் சொன்னார். மாஸ்டர் சின்ன அண்டாவை ஏற்றினார்.

மதியம் விடுதி மொத்தமும் தட்டோடு வந்து நின்றது. பாதி வரிசை உள்ளே வருவதற்குள் அண்டா சுரண்டும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டாம். தட்டைத் தட்டினார்கள், கோஷம் போட்டார்கள், வார்டன் ஓடி வந்தார். பிரியாணிக்காக ஒரு வாரம் காத்திருந்தவனிடம் நியாயம் பேசி ஜெயித்தவர் யாருமில்லை. செயலி அன்றே மூடப்பட்டது. இதற்குப் பொறுப்பு யார் என்று எழுத்தில் வேண்டும் என்று வார்டன் துறைக்குச் சொல்லி அனுப்பினார்.

இருதயராஜ் விசாரணையைத் தொடங்கினார்.

நிரலில் தவறு இருந்த வரி சீக்கிரமே அகப்பட்டது. ஒன்றும் பதியாதவர்களை அது கணக்கிலிருந்து கழித்திருந்தது. அந்த வரியைத் தான் எழுதியதாக அவருக்கு நினைவில்லை. நினைவில்லாததால் எழுதவில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

மென்பொருள் எழுதுகிறவர்களிடம் ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒருவர் பெயர் வரும். அதற்குப் பெயரே பிளேம். பழி போடுவதற்கென்றே இப்படி ஒரு வசதி இருப்பதை முதல் நாள் கேள்விப்பட்டபோது இருதயராஜ் உருகிப்போனார். இப்போது அதைக் கொடுத்தார். அந்த வரிக்கு எதிரே பூங்கொடி என்று வந்தது. அந்த ஒரு வரி மட்டுமல்ல, கோப்பு முழுவதும் பூங்கொடி. அதுவும் வெள்ளோட்டத்துக்கு முந்தின நாள்.

அதற்குப் பிறகு எல்லாமே சாட்சியாக மாறியது. ஞாயிறன்று எல்லோரும் பசியோடு நின்றபோது பூங்கொடி மட்டும் ஓரமாக உட்கார்ந்து ஊரிலிருந்து வந்திருந்த எலுமிச்சை சாதம் சாப்பிட்டிருக்கிறாள். அப்படியென்றால் முன்பே தெரிந்திருக்கிறது. போன வாரம் இன்னொரு குழுவின் பெண்ணோடு மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. இரண்டு நாளாகக் கண்ணும் சிவந்திருக்கிறது. குற்றமுள்ள நெஞ்சு தூங்காது என்பது அவருடைய அனுபவம்.

ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் அவளை எழுப்பி நிறுத்திக் கேட்டார். கோப்பில் கை வைத்தது நீதானே, யார் சொல்லிச் செய்தாய். பூங்கொடி அவரையே பார்த்தாள். உதடு ஒரு தடவை அசைந்தது. பிறகு மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பையன்கள் அதற்குள் நாற்காலியை அவளுடைய இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் மதியம் இருதயராஜ் வகிதாவின் அறைக்குப் புகார் மனுவோடு வந்தார். மேற்படி மாணவி மேற்படி கோப்பில் வேண்டுமென்றே கை வைத்ததாகவும், அவரைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்றும் முறையாக எழுதியிருந்தார். நீக்கினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். இந்தப் பாடத்தில் பூங்கொடிக்கு அரியர் விழும். அரியர் இருந்தால், போன மாதம் வளாகத் தேர்வில் கிடைத்த வேலை போய்விடும். அவள் குடும்பத்தில் வேலை என்று ஒன்று கிடைத்த முதல் ஆள் அவள்தான்.

வகிதா மனுவை நிதானமாகப் படித்தார்.

"வேண்டுமென்றேன்னு எப்படிச் சொல்றீங்க சார்?"

இருதயராஜ் சாட்சிகளை வரிசையாக வைத்தார். எலுமிச்சை சாதத்தைக்கூட விடவில்லை.

"அவகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். வாயே திறக்கலை. நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். தப்புப் பண்ணாதவன் எகிறுவான். பண்ணினவன்தான் பேசாம நிப்பான்."

வகிதா மனுவை மேஜையில் வைத்தார். தன் மடிக்கணினியைத் திறந்தார். எல்லாக் குழுக்களின் கோப்பும் அவருக்குத் திறக்கும். அந்தக் கோப்பை எடுத்து ஏதோ ஒரு விசையை அழுத்தினார், சேமித்தார், திரையை இருதயராஜ் பக்கம் திருப்பினார்.

"இப்ப உங்க கட்டளையைக் கொடுங்க."

கொடுத்தார். மேலிருந்து கீழ்வரை எல்லா வரிக்கும் எதிரே வகிதா, வகிதா என்று வந்தது. தவறான வரிக்கும் வகிதாதான்.

ஒரு கணம் இருதயராஜ் ஆசிரியையையே சந்தேகப்பட்டார். இரண்டு பேரும் பெண்கள். விசாரித்தால் ஊர்கூட ஒன்றாக இருக்கலாம்.

"என்ன பண்ணினீங்க மேடம்?"

"எல்லா வரியையும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். ஒரு எழுத்தைக்கூடத் தொடலை. கடைசியா யார் கை பட்டுச்சோ அவங்க பேருதான் இதுல வரும். மனுவுல என் பேரையும் சேர்த்துக்குங்க."

இருதயராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப பூங்கொடியும்…"

"எனக்குத் தெரியாது. நான் பார்க்கலை. விசாரணை உங்களுது."

பூங்கொடி அன்று செய்த மாற்றத்தை அவர் திறந்தார். இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. ஒவ்வொரு வரியாக விரலை வைத்து ஒப்பிட்டார். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. கோணல்மாணலாக இருந்த வரிகள் நேராகியிருந்தன, அவ்வளவுதான். விரல் தவறான வரிக்கு வந்தது. அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தவறாக இருந்தது.

"பரீட்சைக்கு முந்தின நாள் மாதிரி அவசரம். அன்னைக்குப் போய் எதுக்கு இதை நேராக்கினா?" என்று வகிதா கேட்டார்.

இருதயராஜின் விரல் திரையிலிருந்து இறங்கியது. வெள்ளோட்டத்துக்கு முந்தின நாள் மதியம் இப்போது நன்றாக நினைவுக்கு வந்தது. அவர் எதையோ மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தபோது பூங்கொடி பின்னால் வந்து நின்றாள்.

"நான்தான் சொன்னேன் மேடம்."

"என்ன சொன்னீங்க?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அவ ஒரு சந்தேகம் கேட்டா. 'அண்ணா, ஒண்ணுமே பதியாதவங்களும் சாப்பிட வருவாங்கல்ல?'ன்னு. நான் திரும்பிக்கூடப் பார்க்கலை. அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன், நீ முதல்ல வரியை நேரா நிறுத்து, பரேடுல நிக்கிற மாதிரி இருக்கணும்னு சொன்னேன்."

வகிதாவின் முகத்தில் கோபமும் இல்லை, ஜெயித்த சந்தோஷமும் இல்லை. அதுதான் இருதயராஜுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

"இன்னும் ஒரு படி பின்னாடி போகலாம் சார். அவளுக்கு முன்னாடி அந்த வரியை எழுதினது யாருன்னு அதுலயே வரும். பார்த்துடலாமா?"

இருதயராஜின் கை விசைப்பலகை வரை போனது. வரியை இன்னொரு தடவை படித்தார். பதில் வராதவர் கணக்கில் இல்லை. இத்தனை வருடமாகத் தினமும் காலையில் பரேடு மைதானத்தில் பெயர் கூப்பிட்ட குரல் அந்த வரியில் அப்படியே இருந்தது. குழுவில் வேறு யாருக்கும் அப்படி எழுதத் தோன்றியிருக்காது.

"வேண்டாம் மேடம். யாருன்னு எனக்குத் தெரியும்."

மேஜையிலிருந்த மனுவை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வார்டனிடம் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னார். பையன்களிடமும் சொல்வதாகச் சொன்னார். ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டதை எல்லோர் முன்னாலும் வைத்துத்தான் தீர்க்க வேண்டும் என்றபோது குரல் இறங்கிவிட்டது. வகிதா சரி என்று தலையசைத்தார்.

இருதயராஜ் கதவு வரை போனார். கைப்பிடியைப் பிடித்தவர் அப்படியே நின்றார். இத்தனைக்கும் பிறகு உள்ளே ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. பழைய சுபாவம் அவ்வளவு சீக்கிரம் விடுமா.

"ஒண்ணு மட்டும் இடிக்குது மேடம். அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. நீங்கதானேண்ணா சொன்னீங்கன்னு அங்கேயே என்னைப் பிடிச்சிருக்கலாம். அத்தனை பேர் இருந்தாங்க. அப்பவும் வாயே திறக்கலை. அப்படிப் பேசாம இருக்கான்னா, மனசுல எதையோ வெச்சிருக்கான்னுதானே அர்த்தம்?"

வகிதா மடிக்கணினியை மறுபடியும் அவர் பக்கம் திருப்பினார். அந்த வரி திரையில் அப்படியே இருந்தது.

"இதை நீங்க இன்னும் திருத்தலையே சார்" என்றார்.