மொட்டைக்கு அவசரம்

பூவராகவல்லிக்கு ஐம்பத்தெட்டு வயது. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, ஆற்றங்கரை மடத்தில் சிஷ்யையாகச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மடத்துத் தலைவி நிர்மலாம்பிகை அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். இருந்தால் என்ன, குரு குருதானே!

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் குருவின் காலில் வந்து விழுந்தாள்.

"அம்மா, எனக்குத் துறவு கொடுத்துடுங்க. இந்த வெள்ளிக்கிழமையே மொட்டை போட்டுடலாம்."

"என்ன டீச்சர், இவ்வளவு அவசரம்?"

"உலகமே வெறுத்துப் போச்சும்மா."

சொல்லும்போதே கை பின்னந்தலைக்குப் போய்விட்டது. பிடுங்கித் தின்கிற அரிப்பு. பாவம், எவ்வளவு நேரம்தான் அடக்குவாள்? மடத்துக்குப் படிக்க வரும் ஊர்ப் பிள்ளைகளோடு தலையோடு தலை ஒட்டிக்கொண்டு ஒரே புத்தகத்தில் பாடம் சொல்லிக்கொடுத்ததில் வந்த வினை. பேன் தலையோடு வந்த பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தியவள் அவள். இப்போது தன் தலையிலேயே பேன் என்று யாரிடம் வாய் திறப்பாள்? மானம் போய்விடாதா!

குரு உள்ளே போய்ப் பேன் வாரும் ஈர்வலிச் சீப்பு, தேங்காயெண்ணெய், வெள்ளைத் துணி மூன்றையும் எடுத்துவந்தார்.

"திரும்பி உட்காருங்க."

அவளுக்கு உயிரே போய்விட்டது.

"ஐயோ அம்மா, நீங்க போய் என் தலையை..."

"உட்காருங்க டீச்சர்."

எண்ணெயைத் தாராளமாக விட்டு, வகிடு வகிடாகப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைத் துணியில் துடைத்தார். துணியை எட்டிப் பார்த்த பூவராகவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எல்லாம் போயிடுச்சாம்மா?"

"பேன் போயிருக்கு. ஒட்டிக்கிட்ட ஈர் பொரிக்குமே! வெள்ளிக்கிழமை மறுபடி வாங்க."

ஆக, மொட்டை போடவேண்டிய வெள்ளிக்கிழமையும் தலையில் சீப்புதான் ஓடியது. அப்புறம் மூன்று நாளைக்கு ஒரு தடவை. தலையணை உறையும் துண்டும் வெந்நீருக்குப் போயின. பாடம் படிக்க வந்த பிள்ளைகளையும் குரு விடவில்லை, வரிசையாக உட்காரவைத்து வாரித் தள்ளினார். மூன்றாவது வாரம், எத்தனை இழுத்தாலும் துணி வெள்ளையாகவே இருந்தது.

மறுநாள் பூவராகவல்லி தலைமுழுகி, பின்னல் போட்டு, ஒரு முழம் மல்லிகையும் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நாளைக்கு மொட்டை போட ஆளை வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார் குரு.

அவள் பின்னலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா? அதான் தலை சுத்தமாயிடுச்சே!"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது.

"அப்போ நான் துறவுக்கே லாயக்கில்லையாம்மா?"

குரு தன் மொட்டைத் தலையைத் தடவியபடி சிரித்தார்.

"நான் வந்தப்போ வாரிவிட ஆளில்லை டீச்சர். கேட்ட உடனே மொட்டை போட்டுட்டாங்க. பேன் அன்னைக்கே போயிடுச்சு. சொறியற கை நிக்கத்தான் ஏழு வருஷம் ஆச்சு."