காளவாய்க்குப் போன தொட்டில்

முன்னொரு காலத்தில், வீடு நிறைய சாமான் இருந்தால்தான் அது வீடு என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த நாளில், ஒரு ராஜா விருந்துக்காகப் பக்கத்து நாட்டுக்குப் போனார். அந்த அரண்மனையில் ஒரு கூடம். வெள்ளை வெளேரென்று சுவர், நடுவில் ஒரு பாய், வேறு ஒன்றுமே இல்லை. உத்தரத்தைக் கரையான் அரித்துவிட்டதால் சாமான்களை எல்லாம் வேறு அறைக்கு மாற்றி, புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அதை யாரும் நம் ராஜாவிடம் சொல்லவில்லை. அவர் ஆசையோடு பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்.

"இதுதான் இப்போது நாகரிகம்" என்றார் சபையில். "வெறும் சுவர். வெறும் தரை. நம் நாட்டில் எல்லா வீடும் இப்படி ஆக வேண்டும்."

அரண்மனை அலங்கார அதிகாரி விருபாட்சருக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே உத்தரவு எழுதிவிட்டார்: அன்றாடம் பயன்படாத எந்தப் பொருளும் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது. மரச்சாமான்கள் சுண்ணாம்பு சுடும் காளவாய்க்கு விறகாகப் போகும். ஊர்ச் சுவருக்கெல்லாம் வெள்ளையடிக்க அத்தனை சுண்ணாம்பு வேண்டுமே.

சேவகர்கள் வீடு வீடாகப் போனார்கள். "இன்றைக்கு இதைத் தொட்டீர்களா?" இதுதான் கேள்வி. ஊர் ஜனம் பட்ட பாட்டைக் கேளுங்கள் கண்ணுகளா. ஒருவர் மழையே இல்லாத வெயில் காலத்தில் வீட்டுக்குள்ளேயே குடை பிடித்து நடந்தார். இன்னொருவர் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகையைக் கூட்டினார். ஐம்பது பேருக்குச் சமைக்கிற அண்டாவில் ஒருத்தி ஒற்றை ஆளுக்கு ரசம் வைத்தாள். ஆனாலும் பறிபோனது பறிபோனதுதான்.

சபையின் விகடகவி பூவராகன் வீட்டுக்கும் வந்தார்கள். அவன் சபையிலிருந்து திரும்பி வந்தபோது மனைவி செங்கமலம் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, தொட்டிலைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தச் சொல்ல? இன்னிக்கு இதுல யாரு படுத்தாங்கன்னு கேக்குறான் அந்தத் தடியன். எம் பொண்ணு பிரசவத்துக்கு வரா, அடுத்த மாசம் பேரப்புள்ள படுக்கப் போகுதுன்னேன். அடுத்த மாசம் பத்தி உத்தரவுல இல்லயாம்."

மகள் வல்லி படுத்து வளர்ந்த தொட்டில் அது. பூவராகனைச் சபையே சிரிப்புக்காரன் என்று சொல்லும். அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் சபையில் தொட்டிலைத் திருப்பிக் கேட்டான். ராஜா பதில் சொல்வதற்குள் விருபாட்சர் எழுந்துவிட்டார்.

"அரசே, பூவராகனுக்குப் புது நாகரிகம் பிடிபடவில்லை. கையால் செய்து பார்த்தால் பிடிபடும். நாளை தாங்கள் வேட்டைக்குச் செல்கிறீர்கள். அரண்மனையைக் காலி செய்யும் வேலையை அவனுக்கே கொடுங்கள். மாலையில் தாங்கள் திரும்பும்போது, அன்று தங்களுக்குப் பயன்படாத ஒன்றே ஒன்று உள்ளே இருந்தாலும் அவன் வீட்டை எனக்குத் தந்துவிடுங்கள்."

"நல்ல யோசனை" என்றார் ராஜா. "பூவராகா, ஒன்றும் மிச்சம் வைக்காமல் முடித்தால் நீ கேட்பதைத் தருகிறேன். நாளை மாலை வரை உன் சொல்லே என் சொல்."

உட்காரும்போது விருபாட்சர் பக்கத்தில் இருந்தவர் காதில் கிசுகிசுத்தார். "எல்லாவற்றையும் வெளியே போடட்டும். கடைசியில் உள்ளே இவன் நிற்பான் அல்லவா? இவனைவிட உபயோகமற்ற சாமான் எது? அதைக் காட்டியே வீட்டை வாங்கிவிடுவேன்."

மறுநாள் ராஜா குதிரை ஏறியதும் பூவராகன் வேலையைத் தொடங்கினான். அரண்மனைச் சேவகர்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி வர, அவன் கேட்டது ஒரே கேள்விதான். "இது இன்றைக்கு ராஜாவுக்குப் பயன்பட்டதா?" இல்லை என்றால் வெளியே. பொழுது சாய்வதற்குள் அரண்மனை வாசலுக்கு முன்னால் ஒரு சந்தையே கூடிவிட்டது.

ராஜா அலுத்துக் களைத்து வந்து சேர்ந்தார். வாசலில் சிம்மாசனம் வேப்பமரத்தடியில் கிடந்தது. அதன்மேல் ஒரு காக்கை.

"என் சிம்மாசனத்துக்கு என்ன கேடு?"

"இன்று சபை கூடவில்லை, அரசே. பயன்படவில்லை."

"கிரீடம்?"

"வேட்டைக்குத் தலைப்பாகையோடு போனீர்கள்."

"வெண்கொற்றக்குடை?"

"இன்று பவனி இல்லை, அரசே."

ராஜாவுக்குத் திக்கென்றது. "மகாராணி எங்கே?"

"உள்ளேதான் இருக்கிறார்கள். காலையில் புறப்படும்போது அவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டீர்களே. பயன்பட்டுவிட்டார்கள்."

அப்போதுதான் ராஜா அந்தப் பக்கம் திரும்பினார். அண்டா, கண்ணாடி, ஊஞ்சற்பலகை இவற்றுக்கு நடுவே அவருடைய சபையோர் அத்தனை பேரும் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். முன்வரிசையில் விருபாட்சர், நாற்காலியோடு. நாற்காலியோடுதான் நான்கு சேவகர்கள் தூக்கி வந்து வைத்திருந்தார்கள்.

"அரசே, இந்த அக்கிரமத்தைப் பாருங்கள்" என்று கத்தினார் அவர். "என்னைச் சாமானாக்கிவிட்டான்."

"கோபிக்க வேண்டாம்" என்றான் பூவராகன் பணிவாக. "இன்று ராஜாவுக்கு உங்களால் ஆன பயன் ஒன்றைச் சொல்லுங்கள். நானே என் தோளில் தூக்கி உள்ளே வைக்கிறேன்."

விருபாட்சர் யோசித்தார். காலையில் அவர் எழுந்ததே நேரம் கழித்து. "இன்றைக்கு இல்லாவிட்டால் என்ன? தேவைப்படும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு என்னைத் தேடுவார்கள்" என்றார்.

"என் மனைவியும் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு இதையேதான் சொன்னாள். அந்தத் தேவை உங்கள் உத்தரவில் இல்லையாமே."

விருபாட்சர் முகம் கறுத்தது. ஆனாலும் கடைசி அம்பு அவரிடம் இருந்ததே. "அரசே, இவனால் மட்டும் இன்று என்ன பயன்? இவனும் பயனற்றவன்தான். இவன் வீடு எனக்குத்தான்."

"உண்மை, அரசே" என்றான் பூவராகன். "அதனால்தான் நான் நிற்கும் இடத்தைப் பாருங்கள்."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அவன் கால் வாசற்படிக்கு வெளியே இருந்தது. மதியத்திலிருந்தே அவன் அந்தப் படியைத் தாண்டவில்லை.

ராஜா சிரிக்கத் தொடங்கினார். முதலில் மீசைக்குள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிறகு சிம்மாசனத்துக் காக்கையே பயந்து பறக்கும்படி. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, கிரீடமும் குடையும் புழுதியில் கிடப்பது அவர் கண்ணில் பட்டது. சிரிப்பு மெல்ல அடங்கியது.

"இதெல்லாம் எனக்கு என்றைக்கோ ஒரு நாள் வேண்டியவைதான்" என்றார். "ஊராருக்கும் அப்படித்தானே இருந்திருக்கும். காளவாயை அணைக்கச் சொல்லுங்கள். பூவராகா, உனக்கு என்ன வேண்டும்?"

"தொட்டில் வேண்டும், அரசே. தொட்டிலோடு ஊரார் சாமான்களும்."

காளவாயில் பாதி ஊரின் கட்டிலும் பெட்டியும் ஏற்கெனவே வெந்து சாம்பலாகியிருந்தன. தொட்டில் குவியலின் அடியில் கிடந்ததால் தப்பியது. எரிந்துபோனவற்றுக்குப் பதிலாகப் புதிது செய்து தரத் தச்சர்களை அனுப்பினார் ராஜா. பூவராகன் கழுத்தில் தன் முத்துமாலையையும் போட்டார்.

அன்று இரவெல்லாம் அரண்மனைச் சாமான்கள் உள்ளே போயின. சிம்மாசனம் போயிற்று, குடை போயிற்று, சபையோரும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். விருபாட்சர் நாற்காலியைத் தூக்கச் சேவகர்கள் குனிந்தபோது ராஜா கையமர்த்தினார்.

"அது இருக்கட்டும்" என்றார். "தேவைப்படும் நாளில் எடுத்துக்கொள்ளலாம்."

அந்த நாட்டில் அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் சுவர் வெள்ளையாகவே இருந்தது, பரண் நிறைந்தே இருந்தது. நீங்களும் உங்கள் பரணில் இருப்பதை எல்லாம் பத்திரமாக வைத்துக்கொண்டு சுகமாக இருங்கள், கண்ணுகளா.