நரியின் வாலில் களிமண்

ஒரு காட்டுல, சிங்கராசா குகை வாசல்ல மட்டும் எப்பவும் ஈரக் களிமண்ணு பரப்பியிருக்கும். ஏன்னு கேளுங்க. ராசாகிட்டப் பேசப் போறவங்க அதுல ஒரு காலைப் பதிச்சுட்டுத்தான் உள்ளே போகணும். இன்னொருத்தருக்காகப் பேசப் போனா, அனுப்பினவரும் வந்து பக்கத்துலயே காலைப் பதிக்கணும். யாரு யாருக்காகப் பேசுறாங்கன்னு காடே பார்த்துக்கலாம்.

அந்தக் காட்டுல ஒரு பெருச்சாளி இருந்தா. ஏழு குட்டிக்கு அம்மா. எதையும் தோண்டிப் பார்க்காம விடமாட்டா, மண்ணானாலும் சரி, சேதியானாலும் சரி.

அந்த வருசம் ஓநாய் பயம். நரி நாலு நாளா ராசா குகைக்கு நடையா நடந்துச்சு. முள்ளை வில்லுல பூட்டித் தானாவே எறியுற பொறி ஒண்ணு இருக்காம். எல்லை பூரா நட்டுட்டா ஓநாய் எட்டிக்கூடப் பார்க்காதாம். மழைக்காலத்துக்குன்னு பொதுக்குழியில சேர்த்து வச்ச கிழங்கு அத்தனையும் குடுத்தாப் போதுமாம், பொறி தயாராம்.

சேதி பெருச்சாளி காதுக்கும் வந்துச்சு. கிழங்கு போனா மழையில குட்டிங்க என்னத்தைத் தின்னும்?

அஞ்சாம் நாள் குகை வாசலுக்கு வந்தா. நரியோட கால்தடம் ஒண்ணே ஒண்ணு. பக்கத்துல ஒரு சாண் மண்ணு மட்டும் வழவழன்னு இருந்துச்சு. முகர்ந்து பார்த்தா. தன் காலையும் பதிச்சுட்டு உள்ளே போனா.

உள்ளே நரி உருகிக்கிட்டு இருந்துச்சு. "என்னை யாரும் அனுப்பல ராசா. எல்லாம் இந்தக் காட்டு மேல இருக்கிற பாசம்."

"நரியண்ணே, ஒரு சந்தேகம்," கேட்டா பெருச்சாளி. "எங்களுக்கெல்லாம் கால்லதான் களிமண்ணு ஒட்டும். உங்களுக்கு ஏன் வாலுல ஒட்டியிருக்கு?"

நரி வாலைச் சுருட்டி அடியில வச்சுக்கிச்சு. வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிச்சு.

"விழுந்தவரு பக்கத்துத் தடத்தை எதுக்குண்ணே பெருக்கினீங்க?"

சிங்கம் எழுந்து வெளியே போச்சு, பார்த்துச்சு, திரும்பி வந்துச்சு. நரியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்துச்சு. நரியால தாங்க முடியல. பொறி செஞ்சு தன்னை அனுப்பினது முள்ளம்பன்றி, கிழங்குல பாதி நரிக்குன்னு பேச்சு, எல்லாத்தையும் கொட்டிடுச்சு.

முள்ளம்பன்றியைக் கூப்பிட்டாங்க. அது வாசல்ல மறுபடி காலைப் பதிச்சுட்டு வந்து, பொறியைப் பத்திப் பெருமையாப் பேசிச்சு. பொறியில கட்டின கொடியில கால் பட்டா முள்ளு பாயுமாம்.

பெருச்சாளி கேட்டா, "பட்டது ஓநாய்க் காலுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. எந்தக் கால் பட்டாலும் பாயும்."

"என் குட்டி கால் பட்டா?"

முள்ளம்பன்றி நரியைத் திரும்பிப் பார்த்துச்சு. "அதை அன்னைக்கே நரிகிட்டச் சொன்னேனே. ராசாகிட்ட அது சொல்லலையா?"

கிழங்கு குழியிலயே இருக்கட்டும்னு சிங்கம் சொல்லிடுச்சு. ஓநாய் உள்ளே வராம எல்லையில ஆள் மாத்தி ஆள் காவல் இருக்கணும்னு முறை போட்டாங்க. முதல் முறை யாருக்குன்னு நினைக்கிறீங்க?

காட்டு மேல அவ்வளவு பாசம் வச்சிருந்தாரே, அவருக்குத்தான்.

நீதி: பேசுறவர் யாருக்காகப் பேசுறார்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் பேச்சைக் கேளு.