ஓணான் கேட்ட கேள்வி

அந்தக் காலத்தில் ஊரில் இருந்த எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். மாடு பேசுவது மனிதருக்குப் புரியும், மனிதர் பேசுவது மயிலுக்குப் புரியும். வழியில் யாரும் யாரையும் நிறுத்தி நாலு வார்த்தை பேசலாம். அப்படிப் பேசுவதில் ஓணானை மிஞ்ச ஒருவரும் கிடையாது.

ஓணான் குடியிருந்தது ஓர் இட்டேரியின் கிளுவை வேலியில். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஆள் நடக்கும் அளவுக்குத் தடம். அதைத்தான் அந்தப் பக்கத்தில் இட்டேரி என்பார்கள். கிணற்றுக்கும் காட்டு வேலைக்கும் சந்தைக்கும் எல்லோரும் அந்த வழியாகத்தான் போவார்கள். ஓணான் உயரமான கிளையாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். கணீரென்ற குரல். ஒருவரையும் சும்மா விடாது.

“ஏனுங்க காளையாரே, காதைத் தொங்கப்போட்டுட்டு வர்றீங்க? காலையிலேயே பூசை விழுந்துதா?”

“மயிலண்ணா, தோகையெல்லாம் உதிர்ந்துபோச்சே. இந்தக் கோலத்தோட வெளியே வர எப்படித்தான் மனசு வந்துச்சு?”

செங்கோடன் என்ற உழவர் சந்தையிலிருந்து திரும்பினால், அவருடைய கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கும்: “சொத்தைக் கத்தரிக்காயா பொறுக்கி உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்தாங்களா?”

கேட்கப்பட்டவருக்கு முகம் சுருங்கிப்போகும். கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். மறுநாள் சிரித்தவருடைய முறை வரும். முந்தின நாள் முகம் சுருங்கியவர் அன்றைக்குச் சிரிப்பார். இப்படியே நடந்துகொண்டிருந்ததால், தன் பேச்சு ஊருக்கே பிடித்திருக்கிறது என்று ஓணான் நினைத்துக்கொண்டது. வேலியடியில் வளை தோண்டி வசித்த கீரி மட்டும் ஒருமுறை, “உன்ற வாய் கொஞ்சம் நீளந்தான்” என்றது. ஓணான் அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டது.

அந்த ஊரில் நாச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் கை நிறைய வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். இட்டேரியில் அவள் போனபோது, “அம்மிணி, நடந்து போறீங்களா, உருண்டு போறீங்களா?” என்று ஓணான் கேட்டது. அன்றைக்கு நாச்சாயியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நான்கு மாதம் கழித்து, ஒரு பகல் வேளையில் அவள் திரும்பி வந்தாள். வயிறு ஒட்டியிருந்தது. கையில் ஒரு துணி மூட்டை மட்டும் இருந்தது. நடந்த செய்தி ஊருக்கு முன்பே வந்துவிட்டது. ஓணானுக்கு மட்டும் தெரியாது. அது பேசுமே தவிர, பிறர் பேசுவதைக் கேட்டதில்லை.

தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் நாச்சாயியைப் பார்த்ததும் வேலியோரமாக ஒதுங்கி வழி விட்டார்கள். செங்கோடன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். காளையும் அசையாமல் நின்றது. இத்தனை பேர் கூடியிருந்தும் ஒரு சத்தமும் இல்லாதது ஓணானுக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க அம்மிணி, நிறைஞ்ச வயித்தோட போனீங்க, வெறும் மூட்டையோட வர்றீங்க? புள்ளையை எங்கே மறந்து வெச்சுட்டு வந்தீங்க?”

கீழே ஒருவரும் சிரிக்கவில்லை.

நாச்சாயி நின்றாள். தலையைத் தூக்கி ஓணானைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

“மறக்கலை, ஓணானே. எங்கப்பன் காட்டுல, புங்கமரத்தடியில படுக்க வெச்சுட்டு வந்தேன். பொம்பளப் புள்ள. மூணு நாள் இருந்தா.”

சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார்கள். ஓணான் கிளையில் அப்படியே இருந்தது. அன்று அது வேறு யாரையும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து நாச்சாயி இட்டேரிக்கு வரவில்லை. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். கொஞ்ச நாளில் மற்றப் பெண்களும் அவளோடு சுற்றிப் போனார்கள். செங்கோடனும் காளையை அந்தப் பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார். இட்டேரித் தடத்தில் புல் முளைத்தது.

“குடத்தைத் தூக்கிட்டு அந்தப் பொண்ணு எவ்வளவு தூரம் சுத்திப் போகுதுன்னு பார்த்தியா? பச்சை உடம்பு” என்றது கீரி.

“நான் வேணும்னு கேக்கலையே.”

“வேணும்னு கேட்டாத்தான் வலிக்குமா? தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடு.”

“ஒரு வார்த்தைதானே? நான் பேசாத பேச்சா?” என்றது ஓணான்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கரையெல்லாம் சேறாகிவிட்டது. வேறு வழியில்லாமல் நாச்சாயி ஒரு நாள் இட்டேரி வழியே குடத்தோடு வந்தாள். ஓணான் உயரத்திலிருந்து இறங்கி, அவள் முகத்துக்கு நேராக ஒரு வேலிக்காலில் வந்து நின்றது. வாயைத் திறந்தது.

வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. தலையை முன்னால் தள்ளிப் பார்த்தது. வரவில்லை. மறுபடியும் தள்ளியது. தலைதான் மேலும் கீழும் ஆடியது. கழுத்து வீங்கிச் சிவந்தது.

நாச்சாயி குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“என்ன? சொல்லு, கேக்கறேன்.”

ஓணான் இன்னும் பலமாக முயன்றது. கழுத்து மேலும் சிவந்தது. நாச்சாயி அதன் கழுத்தைப் பார்த்தாள்.

“வர மாட்டேங்குதா?”

தலை மேலும் கீழும் ஆடியது.

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. எங்கம்மாகிட்டக்கூட அவளைப் பத்தி வாயைத் திறந்து பேச முடியலை. நீ கேட்டப்பத்தான் முதல்முதல்ல சொன்னேன்.” அவள் குடத்தைச் சரிசெய்துகொண்டாள். “அதுக்காக, நீ கேட்டது சரின்னு ஆயிடாது.”

ஓணான் அதற்கும் தலையை ஆட்டியது. நாச்சாயி போய்விட்டாள். ஆனால் கரையில் சேறு காய்ந்த பிறகும் அவள் இட்டேரி வழியாகவே தண்ணீருக்கு வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

ஓணானுக்கு மட்டும் பேச்சு திரும்பவில்லை. தொண்டையில் சிக்கிய வார்த்தை தானும் வெளியே வரவில்லை, வேறு வார்த்தைக்கும் வழி விடவில்லை. யாரிடம் எதைக் கேட்டு நோகடித்தோம் என்று யோசித்துப் பார்த்தது. ஒன்றும் சரியாக நினைவுக்கு வரவில்லை. ஆகவே காளை வந்தாலும் மயில் வந்தாலும், முன்பின் தெரியாத வழிப்போக்கர் வந்தாலும், ஒருவரையும் விடாமல் அந்த வார்த்தையைச் சொல்ல முயன்றது.

அன்று முதல்தான், வழியில் யார் போனாலும் ஓணான் வேலிமேல் நின்று கழுத்துச் சிவக்கத் தலையை ஆட்டுகிறது. தங்களைக் கேலி செய்கிறது என்று நினைத்துக் கல்லை எடுப்பவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்தும் இன்னொரு முறை தலையை ஆட்டிவிட்டுத்தான் அது ஓடுகிறது.