சாட்சிக்கு வந்த கடற்புல்

பாக் நீரிணைக் கரையில் நம்புவள்ளி என்றொருத்தி கடற்பாசி எடுத்துப் பிழைத்து வந்தாள். கடற்பசுக்கள் எங்கே மேய்கின்றன என்று கவனித்து வனத்துறைக்குச் சொல்வதும் அவள்தான். அவை மேய்கிற இடத்தைத் தோண்டிப் படகுத்துறை கட்ட ஒரு முதலாளி கிளம்பினார்.

கலெக்டரம்மா கடற்கரையில் பந்தல் போட்டு ஊராரிடம் கருத்துக் கேட்டார். நம்புவள்ளி எழுந்து, அங்கே தோண்டக் கூடாது என்றாள்.

முதலாளி சிரித்தார். "கடற்பசு இருக்குன்னா கூட்டிட்டு வாம்மா. அதுவே வந்து சாட்சி சொல்லட்டும்."

"கூட்டிட்டு வரேன் ஐயா. ஆனா அது கடற்புல்லைத்தான் தின்னும். வர்ற விருந்தாளிக்கு நாலு கட்டுப் புல்லு நீங்கதான் குடுக்கணும்."

"புல்லுக்கு எங்க போறது? அங்க வெறும் மணல்தான். இப்பக்கூட என் படகுல அந்த இடத்தைப் பாத்துட்டுத்தான் வரேன்."

"நேரா வந்தீங்களா ஐயா?"

"வேற எங்கயும் போகலை."

நம்புவள்ளி கலெக்டர் பக்கம் திரும்பினாள். "அம்மா, ஐயாவோட படகுல தண்ணிக்குள்ள சுத்துற விசிறியைக் கொஞ்சம் தூக்கிப் பாக்கச் சொல்லுங்க."

தூக்கினார்கள். விசிறி முழுக்க வேரோடு பிடுங்கிய பச்சைப் புல் சுற்றிக் கிடந்தது. கலெக்டர் அங்கேயே அனுமதி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சில நாள் கழித்துப் பாசி எடுக்கப் போனவள், ஒரு கடற்பசு குட்டியோடு மூச்சுவிட மேலே வருவதைக் கண்டாள். கழுத்தளவு நீரில் நின்றபடியே கைகூப்பினாள்.

"நீ மேயிற புல்லுலதான் தாயி எங்க மீனும் இறாலும் பெருகுது. எம்புள்ளைங்க பசியாறுனதும் அதாலதான். நல்லா இரு."